துப்பாக்கியில் இருந்த எழுத்து

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டில் சோதனை போட வந்த பொலிஸ், கூரைக்கடியில் இருந்த அப்பாவின் பழைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அண்ணனையும் கூட்டிப்போனது. அப்பா தோட்டத்தில் காவல்காரராக இருந்தவர். பன்றி விரட்டுவதற்காகத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி அது. அப்பா இறந்த பிறகு யாரும் சுட்டதில்லை. லைசன்ஸும் இல்லை.

"வெளிநாட்டுல செஞ்ச பழசுன்னு காட்டினா பிணை கேக்கலாம். இங்கேயே கள்ளமா செஞ்ச நாட்டுத் துப்பாக்கின்னு எழுதிட்டாங்கன்னா கஷ்டம்" என்றார் வக்கீல். செய்தவரின் பெயர் வேண்டும். அனுமதி வாங்கி அவர் எடுத்துத் தந்த படங்களோடு ஹட்டனுக்குப் போனேன். அங்கே பழைய சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவருக்குத் துப்பாக்கிகளைப் பற்றித் தெரியும் என்றார்கள்.

"விசைக்கு மேல இருக்குற பூட்டுத் தகட்டுல, செஞ்சவங்க பேரு வெட்டியிருக்கும் டீச்சர். குழாய்க்கு அடியில முத்திரை இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தகடு மொழுமொழுவென்று இருந்தது. குழாயடியில் மட்டும் பாதிக் கிரீடம்போல ஒரு கோடு.

"இத வச்சு யாருன்னு சொல்ல ஏலாது. யாரு இதை இப்படித் தேச்சது?"

படங்களை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

சின்ன வயதில் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி எல்லாவற்றையும் தண்ணீர் விழும் பீலிக்கரைக்குக் கொண்டுபோய், செங்கல் தூளும் புளியும் வைத்துத் தேய்ப்போம். துப்பாக்கி என் பங்கு. தகட்டு எழுத்துகளுக்குள் கறுப்பு ஏறிக்கிடக்கும். அழுக்கோடு சாமி முன்னால் வைக்கலாமா? தேங்காய் நாரால் விரல் எரியும்வரை தேய்ப்பேன். அப்போது எனக்கு ஆங்கிலம் தெரியாது. இன்றைக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என்ன பிரயோசனம்? கோபம் கோபமாக வந்தது, யார்மீது என்றுதான் தெரியவில்லை.

சிறையில் அண்ணனைப் பார்த்தேன். பாதி ஆளாகியிருந்தார்.

"பேரு கெடச்சுச்சா?"

"இல்லண்ணே. நான்தான் தேச்சே அழிச்சிட்டேன். எழுத்து இருந்துச்சுன்னு கோர்ட்டுல நானே சொல்லிடுறேன்."

"சும்மா இரு. வருஷா வருஷம் லைசன்ஸ் இல்லாத துப்பாக்கியக் கையில எடுத்தேன்னு டீச்சர் நீயே போயி சொல்லுவியா? வேலை போயிடும். ஒன் சம்பளத்துலதான் அம்மா இருக்காங்க. நீ அதைத் தொட்டதே இல்ல, வெளங்குதா?"

வழக்கின் அடுத்த தவணைக்கு முன்னால் வக்கீல் கேட்டார், அதில் எழுத்து ஏதாவது பார்த்த ஞாபகம் இருக்கிறதா என்று. இல்லை என்றேன்.

நாட்டுத் துப்பாக்கி என்று எழுதிக்கொண்டார்கள். பிணை கிடைக்கவில்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது அண்ணன் என்னைத் தேடிப் பார்த்துத் தலையாட்டினார், நான் நல்ல காரியம் செய்துவிட்டதைப்போல.