கம்பம் ஸ்டாப்பிங்

விழுப்புரத்தில் நான் குடியிருக்கும் வீட்டு கேட்டுக்கு இன்று பெயிண்ட் அடித்தார்கள். அந்த வாசனை என்னைத் திண்டிவனம் ரோட்டில் எங்கள் காலனி முனையிலிருந்த கொடிக்கம்பத்துக்கு இழுத்துப்போனது. பொங்கலுக்குப் பொங்கல் நீலம் அடிக்கும் அதன் படிகளில், மல்லாட்டைக் கடலை பிடுங்கிவிட்டு வரும் அம்மாவும் மற்ற பெண்களும் மண் கையோடு உட்கார்ந்து பேசுவார்கள், நாங்கள் சுற்றிச் சுற்றி ஓடுவோம், கயிறு காற்றில் இரும்பின் மேல் அடித்துக்கொண்டே இருக்கும். கம்பம் வருவதற்கு முன்பு பஸ் ஊர்த்தெருவில் மட்டும்தான் நிற்குமாம்; அந்த நிறுத்தத்தில் எங்களவர்கள் உட்காரவே கூடாதாம். உட்கார்ந்த என் மாமாவை அடித்தார்களாம். கம்பம் நட்ட பிறகுதான் கண்டக்டர்கள் “கம்பம்லாம் எறங்கு” என்று எங்களுக்கும் விசில் கொடுத்தார்கள்.

போன வருஷம், பொது இடத்திலுள்ள கம்பங்களையெல்லாம் எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஜேசிபியோடு வந்த அதிகாரியிடம் அம்மா கேட்டாள்: “ஊர்த்தெரு கம்பத்தையும் எடுத்துட்டீங்க, நியாயந்தாங்க. ஆனா அவங்களுக்கு நெழக்கொடை கீதுங்க. நாங்க எங்க குந்தறது?”

“நான் இன்னாம்மா பண்றது, ஆர்டரு” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

இப்போது அங்கே தார் போட்டுவிட்டார்கள். அம்மா கை நீட்டுகிறாள். பஸ் நிற்காமல் ஊர்த்தெருவுக்குப் போகிறது.