லாபம், ரெண்டு, மூணு

சுந்தரி டீச்சர் செத்துப் போனாள். இன்று விடியற்காலை, மேலகரத்தில் அவள் வீட்டில்.

காலையிலிருந்து இந்த வாட்ஸப் குரூப்பில் எல்லாரும் அவள் போட்டோவைப் போட்டு அழுகிறீர்கள். எங்க ஊர்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த தெய்வம் என்று... போடுங்கள். நான் பூப்படம் போட மாட்டேன்.

எனக்கு அவளை ஐந்தாம் வகுப்பிலிருந்து தெரியும். அறுபதுகளின் தொடக்கம். பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட ஆரம்பித்திருந்த காலம்.

என் அப்பா நெல் அளக்கிறவர். சுந்தரி வீட்டுக் களத்தில்தான் அளப்பார். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லவே மாட்டார்... லாபம் என்பார். அப்புறம் ரெண்டு, மூணு. எங்கள் பக்கம் யார் அளந்தாலும் அப்படித்தான். அவர் கூடவே நின்று எண்ணிப் பழகி, எனக்கும் அதுதான் வாயில் வரும்.

ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். மேசை மேல் சிலேட்டுகளை அடுக்கி, எண்ணு என்று என்னை எழுப்பினார்.

எண்ணினேன். "லாபம், ரெண்டு, மூணு..."

முதலில் சிரித்தது சுந்தரி. அவள் வீட்டு நெல்லே அப்படி எண்ணித்தானே உள்ளே போகிறது, அவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சிரித்தாள். பிறகு வகுப்பே சிரித்தது. இன்ஸ்பெக்டர் போனதும் சார் என் கையில் பிரம்பால் நாலு போட்டார்.

மறுநாளிலிருந்து எனக்குப் பேர் மாறிவிட்டது. தண்ணீர்ப் பானைப் பக்கம் போனால் லாபம். சோற்று வரிசையில் நின்றால் லாபம்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, சிற்றாற்றுப் படித்துறையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். சாரல் காலம். நனைந்த பையை வைத்து அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

அப்பா அடிக்கவில்லை. பள்ளிக்கூடம் பிடிக்கலைன்னா களத்துக்கு வா என்றார். போனேன். என் படிப்பு அவ்வளவுதான். கணக்கில் நான்தான் சுந்தரிக்கு முந்தி முடிப்பேன்... அதே சார் சொன்னது.

அவள் மேலே படித்தாள். லீவுக்கு வந்தால் குடை பிடித்துக்கொண்டு களத்து ஓரத்தில் நிற்பாள். அப்பா அளக்க நான் லாபம் என்று ஆரம்பித்ததும் வாயைப் பொத்திக்கொள்வாள். சிரிப்பை அடக்குகிறாள் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

டீச்சர் ஆனாள். ரிட்டயரும் ஆனாள். அதற்குப் பிறகும் சும்மா இருக்காமல் கம்ப்யூட்டர் பாஷை ஒன்றைப் படித்து, வாரம் இரண்டு நாள் என் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். ஏதோ பாம்புப் பேர் வைத்த பாஷை... பிள்ளைகளுக்கு லேசாக வருமாம்.

ஒருநாள் பேத்தி வந்து சொன்னாள். அந்த மிஷின் எண்ணும்போது ஒன்றில் ஆரம்பிக்காதாம், பூஜ்யத்தில்தான் ஆரம்பிக்குமாம். ஒரு பிள்ளைக்கும் மண்டையில் ஏறவில்லை. உடனே டீச்சர் சொன்னாளாம்...

"நெல்லு அளக்கையில முத மரக்காலுக்கு ஒண்ணுன்னா சொல்லுதோம்? லாபம்னு வேற பேரு வச்சிருக்கோம்லா. மிஷினு அதுக்குப் பூஜ்யம்னு பேரு வச்சிருக்கு. அவ்வளவுதான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எதைக் கேட்டுச் சிரித்தாளோ அதையே எடுத்துப் பாடம் நடத்துகிறாள். என் பேரைச் சொன்னாளா? இல்லை.

பேத்தி இன்னும் முடிக்கவில்லை. ஒரு பிள்ளை எழுந்து "பூஜ்யம், ரெண்டு, மூணு" என்று எண்ணிவிட்டதாம். லாபத்துக்கு அடுத்தது ரெண்டுதானே... அந்தப் பழக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டது.

"சுந்தரி சிரிச்சாளாக்கும்?" என்றேன்.

"டீச்சர் சிரிக்கல ஆச்சி. சிரிச்சவங்களை எந்திச்சு வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க."

அதைக் கேட்டதும்தான் இன்னும் கோபம் வந்தது. அப்போ உனக்குத் தெரிந்திருக்கிறது சுந்தரி. இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது.

மறுநாள் மேலகரம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினவள் என்னைப் பார்த்தாள். முகம் எல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டி லாபம், நல்லா இருக்கியா?"

அங்கே நின்ற அத்தனை பேர் முன்னாலும். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு பேத்தியிடம் இரண்டு தடவை சொல்லியனுப்பினாள், ஆச்சியை ஒருநாள் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வா என்று. நான் போகவில்லை.

இன்று மத்தியானம் போனேன். நீங்க யாரு என்று அவள் மருமகள் கேட்டாள்.

"உங்க அத்தைக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவ" என்றேன்.

வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். மூன்று தடவை போட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எண்ணித்தான் போட்டேன்.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

போ சுந்தரி... என் பேர் பேச்சியம்மாள்.