பல்லிளித்த பூசணிக்காய்

எனக்குப் பயங்கரமான பூதம் வரைய வராது. கண்ணை உருட்டி, கோரைப்பல்லை நீட்டி, ஒழுங்காகத்தான் ஆரம்பிப்பேன். முடிப்பதற்குள் அந்தப் பூதத்துக்குப் பல்வலியோ ஜலதோஷமோ வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இதனால் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. வீட்டில் கிடையாது.

எண்பதுகளின் நடுவில், ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டத் தொடங்கியபோது, திருஷ்டிப் பூசணிக்காயில் முகம் எழுதும் வேலை எனக்கு வந்தது. "எதுக்குக் கடையில வாங்கறது? நம்ம வீட்லயே ஒருத்தி நாள் பூரா பூதமா கிறுக்கிட்டு இருக்கா" என்றார் அப்பா.

அம்மாவுக்கு அந்த வீடு சாதாரண விஷயமில்லை. கல்யாணமானதிலிருந்து கோயில் பக்கத்துச் சந்துகளில் வாடகைக்கே இருந்தவள். சொந்தச் சுவர் எழும்பியதும் ஊர்க்கண்ணெல்லாம் அதன்மேல்தான் என்று நம்பினாள். யாராவது நின்று பார்த்தால், "ரெண்டே ரூம்தாங்க, இடம் கம்மி" என்று முந்திக்கொண்டு சொல்வாள்.

"பாத்தா பயப்படணும், புரியுதா?" என்று சொல்லித்தான் பூசணிக்காயைக் கொடுத்தாள். சுண்ணாம்பும் காவியும் கரிப்பொடியும் குழைத்து, மனசாரப் பயமுறுத்தத்தான் வரைந்தேன். வந்தது என்னவோ, அவசரமாக ஒதுங்கவேண்டியதை அடக்கிக்கொண்டு நிற்கும் பூதம். சாரத்து மூங்கிலில் அதை மாட்டியதும் சித்தாள் பெண்கள் கலவைச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

வெயிலில் காய் அழுகத் தொடங்கினால் அடுத்ததை மாட்டவேண்டும். அடுத்தது தும்மல் வராமல் தவித்தது. அதற்கடுத்தது பரீட்சைக்குப் படிக்காமல் வந்தது போல முழித்தது. எங்கள் மனைக்கு எதிரே இருந்த பள்ளத்துக்காக வேலூர் பஸ் மெதுவாகும். ஜன்னலோரம் இருப்பவர்கள் இப்போது என்ன பூதம் என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கண்ணு படக்கூடாதுன்னு மாட்டச் சொன்னா, இவ பஸ்ல போறவங்களயெல்லாம் கூப்ட்டுக் காட்றா" என்று அம்மா அப்பாவிடம் முறையிட்டாள்.

"அவங்க பூசணிக்காயத்தான பாக்கறாங்க? வீட்ட எவன் பாத்தான்?" என்றார் அப்பா.

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அதன்பிறகு என் பூதங்களை அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு என் முழுத் திறமையையும் இறக்கினேன். வாசலில் தொங்கிய பூதத்துக்கு மாறுகண், ஒன்றரைப் பல், வீங்கிய தாடையில் ஒரு கட்டு. வந்த சொந்தக்காரர்கள் அதன் கீழே நின்று சிரித்தார்கள். பந்தியில் உட்கார்ந்தும் அதைப் பற்றியே பேசினார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு, போகும்போது இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு கவனிப்பு கிடைக்காது. நான் வாசலை விட்டு நகரவே இல்லை.

கூட்டம் குறைந்ததும் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். சமையலறையில் அம்மா புது மேடையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் அழுக்கே இல்லை.

"இத்தினி பேரு வந்தாங்க. வீடு நல்லாருக்குதுன்னு ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லலடி" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கண்ணே படக்கூடாது என்றவளுக்கு உள்ளுக்குள் இப்படியொரு ஏக்கம் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. "நல்லாருக்கும்மா" என்றேன்.

"நீ சொன்னா ஆச்சா? போய் அதக் கழட்டி வை. கொஞ்ச நேரத்துக்கு."

ஸ்டூல் போட்டு ஏறி, பூதத்தைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலில் வந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து, பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்து சேர்ந்தார் அப்பாவின் அக்கா. யார் வீட்டுக் குழம்பையும் ஒரு வார்த்தை பாராட்டியிராதவர். வாசலிலேயே நின்று மேலிருந்து கீழ்வரை வீட்டைப் பார்த்தார்.

"பரவால்லயே. லட்சணமாத்தான் கட்டியிருக்கீங்க."

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "உள்ள வாங்க அண்ணி, காத்தும் ஜாஸ்தியா வரும்" என்றாள்.

"ஜன்னலு தேக்கா?" என்று அத்தை மறுபடியும் நிமிர்ந்தார்.

அம்மா சிரித்த முகம் மாறாமல் என் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்தபடி சொன்னாள்:

"போதும். மாட்டிடு."