வாசலில் கேட்க வேண்டிய வார்த்தை

எங்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை பேச்சைத் தட்டினாலும் தட்டலாம், ஆபீஸ் அக்கா பேச்சைத் தட்ட முடியாது. தொலைந்த டிபன் பாக்ஸ் முதல் உடைந்த மூக்கு வரை எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அழுகிற பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாகப் பாடம் நடத்தப் போகலாம்.

"ஆளைப் பாத்ததுமே எடை போட்டுருவேன்" என்று பீற்றிக்கொள்வார். அதுதான் அவர் காலை வாரியது.

என் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி. அப்பாவின் அடி தாங்காமல் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகப் பள்ளியில் ஓர் ஏற்பாடு உண்டு. கூட்டிப்போக யார் வந்தாலும் ரகசிய வார்த்தை சொல்ல வேண்டும். அதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும். இவள் சிரித்துக்கொண்டே 'பூசணிக்காய்' என்றாள்.

நான் விடுப்பில் இருந்த ஒரு மதியம் அப்பா வந்தார். இஸ்திரி கலையாத சட்டை.

"அக்கா, முழங்கால் வலி தேவலையா? வீட்டுக்காரிக்கு உடம்பு முடியல, பாப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

அக்கா உருகிப்போனார். பெற்ற அப்பனிடம் போய்ப் பூசணிக்காய் கேட்கக் கூச்சமாக இருந்ததாம். சிறுமி அழவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்தபடி செருப்பை மாட்டிக்கொண்டாளாம்.

பிள்ளையைக் காட்டி அந்த ஆள் மனைவியை வரவழைத்தான். போலீஸ் போய் இருவரையும் மீட்டபோது அம்மாவின் கை முறிந்திருந்தது.

"ஒரு வார்த்தை கேக்குறதுக்கு என்னக்கா வலிச்சுது?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

மாவுக்கட்டோடு அம்மா மகளைக் கொண்டுவந்து விட்ட காலையில், அக்கா எழுந்து தலைகுனிந்து நின்றார். "நாலு வார்த்தை திட்டிட்டுப் போங்கம்மா."

"உங்களை எதுக்குக்கா திட்டணும்? அவர் அப்படித்தான் பேசுவாரு. அந்தப் பேச்சை நம்பித்தானே நானும் கட்டிக்கிட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைக் கேட்டு உட்கார்ந்து அழுதார்.

அன்று மாலை நல்ல மழை. அம்மா வரத் தாமதம். சிறுமி வாசலில் நனைந்துகொண்டு நின்றாள். அக்கா குடையோடு ஓடினார்.

"உள்ள வா கண்ணு, ஆபீஸ்ல உக்காரலாம்."

சிறுமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வார்த்தை சொல்லுங்க."

அக்கா குனிந்து அவள் காதில் சொன்னார்.

"அது பழசு."

உண்மைதான். அன்று காலைதான் அம்மாவும் மகளும் என்னிடம் புது வார்த்தை சொல்லியிருந்தார்கள். வகுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான், சொல்லிவிடலாம் என்று அவசரமாக இறங்கிப் போனேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார்.

அம்மா வரும்வரை அவளைத் தொடாமல், குடையை மட்டும் அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார்.