குரல் தாழ்ந்த வீடு

என் தங்கை அவசரக்காரி. அம்மாவின் வயிற்றில் ஏழு மாதத்துக்கு மேல் இருக்கப் பொறுக்காமல், வில்லியனூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்தில், ஒரு மழைக்காலத்து மத்தியானம் வந்து சேர்ந்தாள். அப்பாவின் உள்ளங்கையில் தலையை வைத்தால் கால் முழங்கை வரைகூட எட்டவில்லை. அழவும் இல்லை, பூனைக்குட்டி கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து மூடினாள்.

அப்பாவின் அக்காவான என் அத்தை நேரத்தை வீணாக்கவில்லை. பிள்ளை பிழைக்காது என்று தோன்றினால் சாமியாருக்குக் காத்திருக்காமல் வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்பது எங்கள் வேதத்தில் உள்ள ஏற்பாடு. சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பெயரும் வைத்துவிட்டாள். அதோடு நில்லாமல் டிரங்குப் பெட்டியிலிருந்து புது வெள்ளைத் துணியை எடுத்து, கல்லறைக்குப் போட்டனுப்ப ஒரு சின்னச் சட்டை வெட்ட உட்கார்ந்தாள்.

"மோட்சத்துக்குச் சம்மனசாப் போவப்போற புள்ளடா. வெறும் ஒடம்போடவா அனுப்புறது?"

அப்பா துணியை அவள் கையிலிருந்து பிடுங்கினார். தன் சட்டையைக் கழற்றினார். பிள்ளையை வெறும் நெஞ்சில் தவளைபோலக் கவிழ்த்துப் போட்டு, அதே துணியால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. பிள்ளையின் உடம்பு சில்லிட்டிருந்தது, அவர் உடம்பு சூடாக இருந்தது. அதற்குமேல் யோசித்திருக்க மாட்டார். சென்ற வருடம் என் பேத்திக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தபோது, அவள் புருஷனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி நர்ஸ் இதையேதான் செய்ய வைத்தாள். இப்போது அது வைத்தியம். அப்போது ஊரில் அதற்குப் பைத்தியம் என்று பெயர்.

"இன்னாப்பா, கோழியாட்டம் அட காக்குற?" என்று தெருவில் போனவர்கள் கேட்டார்கள். காய்ச்சலோடு படுத்திருந்த அம்மாவும் விடவில்லை. "பெத்தது நானு, குஞ்சு பொரிக்கறது அவுரு" என்றாள். ஆனால் அவள்தான் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுத்தனுப்புவாள். உறிஞ்சத் தெரியாத வாயில் அப்பா அதைச் சொட்டுச் சொட்டாக விடுவார்.

அப்பா மில்லில் தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, உப்பு வேண்டும் என்பதைக்கூட ஊருக்கே அறிவிப்பதுபோல் கேட்பார். முதல் நாள் அந்தக் குரலில் அவர் ஏதோ சொன்னதும் பிள்ளை கைகளை விரித்துத் தூக்கிப்போட்டது, உதடு நீலமானது. அப்பா பயந்துபோனார். அன்றைக்குத் தாழ்ந்த குரல் பிறகு ஏறவில்லை. அவரைப் பார்த்து நாங்களும் தாழ்த்திக்கொண்டோம். அத்தையின் செபமாலைகூட உதட்டோடு நின்றது.

குரல்தான் குறைந்ததே தவிர, பேச்சு பெருகிவிட்டது. எந்த நூல் எங்கே அறுந்தது, மேஸ்திரி யாரைத் திட்டினான், எதிர்வீட்டு மாடு ஏன் வைக்கோலைத் தொடவில்லை என்று எல்லாவற்றையும் அவள் உச்சந்தலையில் வாயை வைத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். என்னிடம் அவர் அதில் பாதிகூடப் பேசியதில்லை என்று எனக்கு வருத்தம். அதைக் கண்டுகொண்டோ என்னவோ எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்.

"வாய்ப்பாடு ஒப்பிக்கிறல்ல? பாப்பா மூச்ச எண்ணு. நின்னுச்சின்னா உள்ளங்கால்ல சுண்டு."

சில சமயம் நிற்கவே செய்தது. நான் சுண்டுவேன், அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி மூச்சு விடுவாள். அன்று பிடித்த வியாதி, இன்றும் மாடிப்படி, மாத்திரை, பூட்டிய கதவு என்று எதையும் எண்ணாமல் எனக்குத் தூக்கம் வராது.

அம்மா தேறியதும் முறை போட்டுச் சுமந்தார்கள். அப்பா ஷிப்டு முடிந்து வந்து, உடம்பில் ஒட்டிய பஞ்சைக் குளித்துக் கழுவிவிட்டு அவளை வாங்கிக்கொள்வார். கழுத்து நின்றது. தாமதமாக உட்கார்ந்தாள், இன்னும் தாமதமாக நடந்தாள். பேச்சு மட்டும் வரவில்லை. அவள் வயதுப் பிள்ளைகள் தெருவில் சண்டை போட்டுத் திட்டிக்கொள்ளும்போது இவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அரைவேக்காட்டுல எறக்குன புள்ளடா. நாக்கு வேகல" என்றாள் அத்தை. அப்பா அன்றிலிருந்து தங்கையிடம் இன்னும் அதிகமாகப் பேசினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை. பெண்கள் பக்கம் இருக்க மாட்டேன் என்று அடம் பிடித்து, அப்பாவின் தோளில் ஆண்கள் பக்கம் வந்துவிட்டாள். சாமியார் அப்பத்தை உயர்த்தும் நேரம். மணி அடித்தது, எல்லோரும் முழந்தாளிட்டோம். அப்பா வழக்கம்போல் மற்றவர்களைப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் மண்டியிட்டார். இருமல்கூட இல்லாத அமைதி. அப்போது அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்த தங்கை, எங்கள் வீட்டுக் குரலில், மெதுவாக, திருத்தமாகச் சொன்னாள்:

"அப்பா."

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அத்தையின் முக்காடு போட்ட தலை மட்டும் குனிய மறந்து நிமிர்ந்து நின்றது.

கோயில் வாசலுக்கு வந்ததும் அத்தை பழைய குரலை மீட்டுக்கொண்டாள். "மாதாவே! வாயத் தொறந்துட்டாடி!"

"இன்னா அண்ணி, நாக்கு வெந்துடுச்சா?" என்றாள் அம்மா.

"வெந்துச்சிடி, நல்லா கொழைய வெந்துச்சி!" அத்தை சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சாமியார் வெளியே வரும்வரை ஊரே எங்களைச் சுற்றி நின்றது.

நான் அப்பாவின் கையை இழுத்தேன். "பாப்பா ஒங்களத்தான் கூப்ட்டுது. கேட்டுச்சாப்பா?"

என் உதட்டையே பார்த்தவர், "கேட்டுச்சிடா" என்றார்.

தறி அவர் காதை எப்போதோ தின்றுவிட்டிருந்தது என்று அம்மா எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து. கோயில் மணியே அவருக்கு எட்டாது. தங்கையிடம் சொன்ன அத்தனை கதைகளையும் தன் காதுக்கே விழாத குரலில்தான் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம், அவள் உதடு பட்ட கழுத்துப் பக்கத்தில் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். பாப்பா இப்போது ரொம்பக் கனக்கிறாள் போலிருக்கிறது, கழுத்து வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கொஞ்ச தூரம் நான் தூக்கி வருகிறேன் என்று கேட்டேன். அவர் தரவில்லை.