கோயில் வாசலில் படித்த மூன்றாம் அத்தியாயம்

1. மேடத்தின் போன்

"தகவல் சொன்னவங்க, சம்பந்தப்பட்டவங்க எல்லார்கிட்டயும் படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கிட்டீங்கதானே?"

கைடு மேடம் போனில் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் ஒருவரிடமும் வாங்கியிருக்கவில்லை. ஸ்பானிஷ் பட்டப்படிப்பின் கடைசி ப்ராஜெக்ட், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் வாங்கமாட்டார்களாம். மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு என்னை எடுத்திருந்த கம்பெனியோ டிகிரி இல்லாமல் உள்ளே விடாது. எங்கள் மொழிபெயர்ப்பு டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், எனக்குப் பயமே கிடையாது என்று நினைக்கிறீர்கள். அட போங்கப்பா! அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்பெயினில் வாலென்சியா பக்கம், பாசனத் தகராறு வந்தால் விவசாயிகளே தேவாலய வாசலில் கூடி, எல்லார் முன்னாலும் வாயால் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். அதையும், திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊர் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதையும் ஒப்பிட்டு எழுதியிருந்தேன்.

2. அப்பா சொன்னது

வில்லங்கம் மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தது. வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் வயல் வைத்திருக்கும் ஒருவர், கடைமடைக்காரர்களின் முறை நாளில் மதகைத் திறந்து தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொள்கிறார் என்று எழுதியிருந்தேன். பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன? மதகை ஒட்டிய வயல் என் பெரியப்பாவுடையது என்பது ஊருக்கே தெரியும். என்னிடம் அதைச் சொன்னவர், வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் பயிர் வைத்திருக்கும் என் அப்பா.

கையெழுத்து விஷயத்தைச் சொன்னதும் அப்பாவின் முகம் செத்துப்போனது.

"ஸ்பானிஷ்லதானே எழுதுற, இங்க எவன் படிக்கப்போறான்னு நெனச்சு சொல்லிட்டேம்மா. பயிரு பால் புடிக்கிற நேரம். அண்ணன் கோவிச்சுக்கிட்டா ஒரு சொட்டுத் தண்ணி வராது."

"அந்த அத்தியாயத்தை எடுத்துட்டா ப்ராஜெக்டே இல்லப்பா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

3. பிள்ளையார் கோயில் வாசல்

மறுநாள் காலை தண்ணீர் முறை பேசுவதற்காகக் கோயில் வாசலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அங்கேயே படித்துக் காட்டுவது என்று முடிவுசெய்தேன். முதல் இரண்டு அத்தியாயங்களையும் தமிழில் சொல்லச் சொல்லச் சிரித்தார்கள். "ஸ்பெயின்லயும் தண்ணிக்கு அடிச்சுக்கறானுவளா!" என்று பெரியப்பாதான் சத்தமாகச் சிரித்தார்.

மூன்றாம் அத்தியாயம் வந்தது. கையில் இருப்பது ஸ்பானிஷ். நான் வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் அதுதான் தமிழ். மதகு பழுது, தண்ணீர் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்? அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளைப் பிடித்த கை வெடவெடவென்று ஆடியது.

உள்ளதை உள்ளபடியே சொன்னேன். பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் சொல்லி முடித்தேன்.

பெரியப்பா கேட்டார்: "யாரு சொன்னது இது?"

சொல்லமாட்டேன் என்று வாயெடுப்பதற்குள் அப்பா எழுந்து நின்றார். அண்ணன் எதிரில் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"நாந்தாண்ணே சொன்னேன்."

பெரியப்பா தம்பியின் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட சொல்லத் தைரியமில்ல. ஸ்பெயின்காரன்கிட்ட போய்ச் சொல்லியிருக்க!" பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "பேனாவைக் குடு. எங்க போடணும்?"

4. உங்களுக்கு

எங்கள் முறை நாளில் தண்ணீர் தவறாமல் வந்தது. பட்டமும் வந்தது, வேலையும் கிடைத்தது. ஆனால் அந்தப் பொங்கலுக்குப் பெரியப்பா எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை. அப்பா இரண்டு தடவை தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மீட்டிங்கில் சங்கடமான பேச்சு வரும்போது, மொழிபெயர்ப்பில் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிடலாமே என்று உங்களுக்கும் தோன்றும். எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது, கையும் நடுங்குகிறது. நடுங்கினால் நடுங்கட்டும், உள்ளபடியே சொல்லுங்கள். ஆனால் அந்தச் சொல்லுக்காக எழுந்து நிற்கவேண்டியவர் யார் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அன்று நான் வாசிக்க மட்டும்தான் செய்தேன். எழுந்து நின்றவர் என் அப்பா.