செக் அக்கா

வேலையிடத்தில் அவளுக்குச் செக் அக்கா என்றுதான் பெயர். வீட்டிலும் அதே கதைதான். அடுப்பை அணைத்தாயிற்றா, செக் பண்ணு. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா, செக் பண்ணு. பிள்ளைக்கு நெற்றி சுடுகிற மாதிரி இருக்கிறதே, செக் பண்ணு. "தூங்கும்போது எனக்கு மூச்சு வருதான்னுகூட செக் பண்ணுவா" என்று புருஷன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். பயந்த சுபாவம். அந்தப் பயத்துக்கென்றே ஒரு வேலை கிடைத்தது அவள் யோகம்.

உயரக் கட்டடங்களின் கண்ணாடியை வெளிப்பக்கம் துடைக்கிற ஆட்களை மொட்டைமாடியிலிருந்து இறக்கிவிடும் வேலை. உட்காரும் பலகைக்கு ஒரு கயிறு, ஆளின் இடுப்பு பெல்ட்டில் கொக்கி போட்டு மாட்டத் தனியாக ஒரு கயிறு. அந்தக் கொக்கியை இழுத்துப் பார்த்து அவள் "செக்" என்பாள். இறங்குகிறவனும் குனிந்து தன் கண்ணால் பார்த்துவிட்டு "செக்" என்று சொல்ல வேண்டும். இரண்டு குரலும் கேட்காமல் யாரும் சுவரைத் தாண்டக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

அங்கேயே வேலை பார்க்கும் தம்பியோடு அன்று காலையில் சண்டை. மறுபடி குடிக்கிறானோ என்ற பயத்தில் அவன் பையைத் திருட்டுத்தனமாகச் செக் பண்ணி, கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். பையில் ஒன்றுமில்லை. "என்னை நம்பவே மாட்டியா?" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

மாடியிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றான். பின்னாலிருந்தே கையை நீட்டிக் கொக்கியை இழுத்து "செக்" என்றாள். அவன் பதில் சொல்லாமல் சுவரைத் தாண்டிப் பலகையில் உட்கார்ந்தான். கோபம்தானே என்று விட்டுவிட்டாள்.

பலகை இரண்டு மாடி இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இழுத்தபோது இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் எதில் மாட்டியிருந்தது? பெல்ட்டின் இரும்பு வளையத்துக்குப் பக்கத்திலேயே, பிரஷ் தொங்கவிட ஒரு துணி வளையமும் உண்டு. அது ஆளைத் தாங்காது. அவள் கண்ணால் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.

"தம்பி, கொக்கிய பாருடா."

அவன் தலையைத் திருப்பவே இல்லை. அவள் சுவருக்கு வெளியே எட்டிக் குனிந்தாள்.

"மேல வந்து எவ்வளவு வேணா திட்டு. இப்ப குனிஞ்சு பாருடா, சாமி."

குனிந்தான். பார்த்ததும் இரண்டு கையாலும் பலகைக் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "அக்கா" என்று மட்டும் சொன்னான். செக் என்று சொல்லவில்லை.

ஆட்கள் அவனை மேலே இழுத்துப் போடும்வரை அவள் உயிர் அவளிடம் இல்லை.

சாயங்காலம் அவனே பையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

"செக் பண்ணிக்கோக்கா."

அவளால் முடியவில்லை. ஜிப்பைத் தொடாமலே பையை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.